அம்மாவின் கன்னத்தில் மாறிய மரபணு – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

என் அம்மாவுக்கு 68 வயது. தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்து புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கம் உடையவர். சென்ற மாதம் இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்தது. அறிக்கையில் "பி53 வெளிப்பாடு இயல்புக்கு மாறாக உள்ளது, பி16 இல்லை" என்று எழுதியிருக்கிறது. அதை உறவினர் ஒருவர் "மரபணு மாறிவிட்டது" என்று விளக்கப்போய், அந்தப் பேச்சு என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களின் காதுக்கும் எட்டிவிட்டது. பரம்பரை நோயா என்று கேட்கிறார்கள். உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. என் சின்னம்மா இன்னமும் பாக்கு போடுகிறார்.

– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா நலம்பெற வேண்டுகிறேன். உங்கள் கேள்விக்குரிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் புகையிலையும் பாக்கும் மென்ற ஒருவரின் கன்னக் கட்டியில் காணப்படும் இத்தகைய மாற்றங்கள், ஏறக்குறைய எப்போதுமே, வாழ்நாளில் அந்த இடத்து உயிரணுக்களில் மட்டும் நேர்ந்தவை. கருமுட்டையில் இல்லாத மாற்றம் பிள்ளைக்கு வராது. பிள்ளை வழியாகப் பேத்திக்கும் வராது.

மரபணு வேறு, மரபணு வெளிப்பாடு வேறு. தோலானாலும் கல்லீரலானாலும் ஒருவர் உடம்பின் உயிரணுக்களில் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஒரே அஞ்சறைப் பெட்டியிலிருந்து ரசத்துக்கு மிளகும் சீரகமும், புளிக்குழம்புக்குக் கடுகும் வெந்தயமும் எடுப்பதுபோல, ஒவ்வொரு வகை உயிரணுவும் தனக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் வேண்டிய அளவுக்கு ஆர்.என்.ஏ. என்னும் நகலாகப் படியெடுத்து, பெரும்பாலும் அதிலிருந்து புரதம் செய்துகொள்கிறது. எது, எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதே வெளிப்பாடு.

பி53 என்பது காவல் புரதம். நலமான உயிரணுவில் அது சிறிதளவே உண்டாகி உடனுக்குடன் அழிக்கப்படும், டி.என்.ஏ. சேதமடைந்தால் மட்டும் பெருகி, உயிரணு பிரிவதை நிறுத்தும், சரிசெய்ய இயலாதபோது அதைச் சாகவும் வைக்கும். புகையிலையின் நச்சுகள் இந்தப் புரதத்துக்கான மரபணுவையே பிறழச் செய்யும்போது, பழுதடைந்த புரதம் அழியாமல் குவிகிறது. சாயமிட்டுப் பார்க்கையில் அது அடர்ந்து தெரிந்தாலும் அங்கே காவல் இல்லை. சில கட்டிகளில் அந்தப் புரதம் முற்றாக இல்லாமலும் போகும். இரண்டையுமே "இயல்புக்கு மாறானது" என்று எழுதுவார்கள்.

பி16 உயிரணுப் பிரிவுக்குத் தடை போடும் புரதம். சில கட்டிகளில் அதன் மரபணுவே அறுந்து தொலைந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் மரபணுவின் எழுத்துகள் அப்படியே இருக்க, தொடக்கப் பகுதியில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுக்கள் ஒட்டிக்கொண்டு படியெடுப்பை நிறுத்திவிடுகின்றன; பெட்டிக்குள் மிளகு இருந்தும் மூடி திறக்காததைப் போன்ற நிலை. எச்.பி.வி. வைரஸால் உள்நாக்குச் சதையிலும் (டான்சில்) அடிநாக்கிலும் வரும் புற்றுநோயில் இதற்கு நேர்மாறாக பி16 மிகுந்து காணப்படும்; அவ்வகை பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது. அதைப் படித்துவிட்டு, பி16 இல்லை என்றாலே நம்பிக்கை இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். கன்னத்தில் வரும் புற்றுநோயில் பி16 இல்லாதிருப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

வெளிப்பாடு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்று. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 18 பேரிடமிருந்து ஏறத்தாழ 6,000 உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் வெளிப்படுகின்றன என்று அதில் பார்த்தார்கள். கட்டியின் விளிம்பில், சுற்றுத் திசுவைத் தொட்டுக்கொண்டிருந்த புற்று உயிரணுக்கள் தம் இயல்பைப் பாதி துறந்து, நகர்ந்து ஊடுருவ உதவும் மரபணுக்களை வெளிப்படுத்தின. ஒரே கட்டிக்குள்ளேயே விளிம்புக்கும் நடுவுக்கும் இத்தனை வேறுபாடு என்றால், இது தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே கைமாறும் பொருளாக எப்படி இருக்க முடியும்?

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபான்கோனி இரத்தசோகை போன்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடும். உங்கள் குடும்பத்தில் இளவயதில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது வெற்றிலைப் பெட்டியைத்தான்.

நாம் வாழும் பினாங்கு மாநிலத்தின் பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. என் பாட்டியும் பால்மரம் வெட்டப் போகும் விடியலில் பசி தெரியாமலிருக்க வெற்றிலை போட்டவர்தான். அந்தத் தலைமுறையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்று உங்கள் சின்னம்மா சொல்லக்கூடும் என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன். அவரை இந்த வாரமே அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லையென்று விட்டுவிடாமல் காட்டவேண்டும்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் இந்தப் பதிலைத் தாராளமாகக் காட்டுங்கள். அதன்பிறகும் அவர்களுக்கு ஐயமிருந்தால், அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் "இது கட்டியில் மட்டும் நேர்ந்த மாற்றம்தானா, இரத்தத்தில் பரம்பரைப் பரிசோதனை தேவையா?" என்ற கேள்வியை நீங்களே கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.