கார்டியனுக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: எங்கள் விவாகரத்து வழக்கில், 8 வயது மகளுக்காகக் குடும்பநல நீதிமன்றம் வழக்கில் அவள் நலனைக் கவனிக்க ஒரு வக்கீலை கார்டியனாக நியமித்திருக்கிறது. அவர் கட்டணத்தை நானும் கணவரும் பாதிப் பாதி கட்ட வேண்டுமாம். கணவருக்கு என்னைப்போல் மூன்று மடங்கு சம்பளம். நான் கேட்காத ஆளுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்? முழுவதையும் தானே கட்டிவிடுவதாகக் கணவர் சொல்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். குழந்தை யாரிடம் வளரலாம் என்று நீதிபதிக்கு அறிக்கை தரப்போகிறவர் அந்த கார்டியன். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பணம் முழுக்கக் கணவர் கையிலிருந்தே போனால், அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வரும் நாளில் உங்களால் அதை நம்ப முடியுமா? கணவர் கூடுதலாகக் கட்டட்டும். ஆனால் அது நீதிமன்ற உத்தரவுப்படி இருக்கட்டும். பணம் நீதிமன்றம் வழியாகவே போனால் இன்னும் நல்லது.

உங்கள் கோபம் நியாயமானது. என்னைக் கேட்டால், இந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். நீதிபதியின் சம்பளத்தை வழக்காடுகிறவர்களிடமா வசூலிக்கிறோம்? இங்கிலாந்தில் காஃப்காஸ் என்ற பொது அமைப்பின் ஆட்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். பெற்றோருக்கு பில் வராது. அமெரிக்காவில் 1977-ல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப், துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேசத் தன்னார்வலர்களைக் கொண்டுவந்தார். ஆனால் அங்கேயும் தாய்க்கும் தகப்பனுக்கும் இடையிலான வழக்கு என்றால், பல மாநிலங்களில் பில் பெற்றோருக்குத்தான். இந்தியாவின் 1908 உரிமையியல் விசாரணைமுறைச் சட்டமோ, நீதிமன்ற அலுவலரே கார்டியனாக வந்தால் அவர் செலவைக் குழந்தையின் சொத்திலிருந்துகூட எடுக்கலாம் என்கிறது. எனக்குப் பிடிக்காத விதி அது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எல்லாமே இலவசம் என்றால், வேண்டுமென்றே மனு மேல் மனு போட்டு இழுத்தடிப்பவருக்குக் கடிவாளம் இல்லை. அப்படிக் கூடும் செலவு மட்டும் இழுத்தடிப்பவர் தலையில் விழட்டும்.

இப்போதைக்கு, வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணத்தைப் பிரிக்கச் சொல்லி உங்கள் வக்கீல் மூலம் மனு போடுங்கள். இருவரின் சம்பளச் சான்றுகளும் நீதிபதி முன் இருக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள். மொத்தக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பும், மாதாமாதம் விவரமான பில்லும் கேளுங்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவர்கள் பலர் 6 நிமிடத்தை ஓர் அலகாக வைத்து எழுதுவார்கள். பள்ளி ஆசிரியையிடம் பேசியது 12 நிமிடம். கணவர் ராத்திரி அனுப்பிய நீளமான மெயிலைப் படித்தது 24 நிமிடம். அந்த மெயிலிலும் பாதி உங்கள் கணக்கு! விவரம் கையில் இருந்தால்தான் இதை நீதிபதியிடம் காட்டிக் கேட்க முடியும்.

உத்தரவு மாறும்வரை உங்கள் பங்கைக் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். பாக்கி வைத்தால், உங்களைப் பற்றி அறிக்கை எழுதுகிறவரே உங்களிடம் கடன் வசூலிக்க வருவார். அப்புறம், நீங்கள் அவருக்கு எழுதும் மெயிலையும் நாலு வரியில் முடியுங்கள்.