டிபன் பாக்ஸில் போர்டு கரைக்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே வீட்டில் பிசிபி (மின்சுற்றுக்கான செம்புக் கோடுகள் உள்ள போர்டு) செய்வது பற்றித்தான். செம்பு பூசிய போர்டில் வேண்டிய கோடுகளை அச்சு மையால் மூடிவிட்டு, மீதிச் செம்பை ரசாயனத்தில் கரைத்துவிடுவதுதான் முறை.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தேன். பாதிக் கோடு போர்டில், மீதி காகிதத்தில். என்ன தப்பு? (குடியாத்தம்)

அது லேசர் பிரிண்ட்தானா என்று முதலில் பாருங்கள். இங்க்ஜெட் என்றால் ஜென்மத்துக்கும் ஒட்டாது. லேசர் பிரிண்டரின் மையான டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள்; சூட்டில் இளகித்தான் செம்பில் பிடிக்கிறது. லேசர்தான் என்றால் பெரும்பாலும் செம்பு சுத்தமாக இல்லை என்று அர்த்தம். போர்டு பளபளவென்று இருந்தாலும் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு போதும், டோனர் பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, அப்புறம் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். அயர்ன் செய்ததும் காகிதத்தைப் பிய்க்காதீர்கள். தண்ணீரில் ஊறினால் கழன்று வரும். விட்டுப்போன கோட்டைப் பெர்மனென்ட் மார்க்கரால் வரையலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: கீழ்ப்பக்கம் மட்டும் செம்பு இருக்கும் போர்டுக்கு, மேலிருந்து பார்த்த படத்தை அப்படியே அச்சடிக்க வேண்டும், மிரர் (இடவலம் மாற்றி அச்சடிப்பது) கூடாது. என் முதல் போர்டில் இதில்தான் கோட்டை விட்டேன் (வேலூர்க்காரன் கோட்டையை விடாமல் யார் விடுவது?). கடைசியில் ஐசியை (சிப்பை) செம்புப் பக்கமே உட்காரவைத்துச் சால்டர் செய்தேன்.

செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் கலக்கலாமா? (காட்பாடி)

கூடாது. எவர்சில்வரையே குழி குழியாக அரிக்கும். அலுமினியம் என்றால் சூடேறிப் பொங்கும். பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். தண்ணீரில் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டி மேல் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் தெறிக்கும்.

ஒரு மணி நேரமாகியும் செம்பு கரையவில்லை. (ஆரணி)

மார்கழியில் செய்தீர்களோ? கரைசல் 40 டிகிரியைத் தாண்டினால் வேகம் நன்றாகக் கூடும். அடுப்பில் வைக்காதீர்கள், டப்பாவை வெந்நீருக்குள் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் வட ஆற்காட்டு மொட்டை மாடிக்கு அதுகூட வேண்டாம். போர்டை ஆட்டிக்கொண்டே இருங்கள், அல்லது செம்புப் பக்கம் கீழே பார்க்க மிதக்கவிடுங்கள். கசடு அடியில் இறங்கிவிடும். கரைந்து முடிந்ததும் உடனே எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் அரித்து மெல்லிய கோடுகள் அறுந்துபோகும்.

பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன? ஒரு டம்ளர்தானே. (வாணியம்பாடி)

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுப்பதாக வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கணக்கையும் பாருங்கள். வழக்கமான போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. போர்டில் மொத்தம் 3 கிராம் அளவுக்குச் செம்பு இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லாத கரைந்த செம்பே பல மீன் வகைகளைக் கொல்லும் என்பதால், 3 கிராம் சின்ன விஷயம் இல்லை.

தவிர, தூக்கிப்போட அவசரமும் இல்லை. மூடிவைத்தால் பல போர்டுக்கு வரும். பச்சையாகி வேகம் செத்த பிறகு பெரிய பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றி, வாஷிங் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். பொங்கும், அதற்குத்தான் பெரிய வாளி. நுரை நின்றதும் ஒரு நாள் அப்படியே விட்டால் செம்பும் இரும்பும் கசடாகத் தங்கும். மேல் நீரில் நீலமோ பச்சையோ தெரிந்தால் சோடா போதவில்லை. கசடைக் குப்பையில் போடாமல் பெயர் ஒட்டிய பாட்டிலில் சேர்த்து, ரசாயனக் கழிவை முறையாக அகற்றும் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை போகுமா? (ராணிப்பேட்டை)

சோப்புக்குப் போகாது. அடுத்த முறை பழைய லுங்கியோடு உட்காருங்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.