வென்ற ஆட்டத்தில் இருந்த தவறு

அன்புள்ள ஐயா,

நான் பீனிக்ஸில் வசிக்கிறேன். கடந்த ஒன்றரை ஆண்டில் ஐந்து முறை லாஸ் வேகஸ் சென்று போக்கர் ஆடியிருக்கிறேன். போட்டி அல்ல, நேரடியாகப் பணம் வைத்து ஆடும் கேஷ் கேம். கட்டாயப் பந்தயம் ஒரு டாலர், மூன்று டாலர் என்றுள்ள மேசை. ஒவ்வொரு முறையும் 300 டாலருடன் உட்காருவேன். இதுவரை 2,100 டாலர் போய்விட்டது. தவறுகளிலிருந்து கற்க வேண்டும் என்று தோற்றவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

கடைசிப் பயணத்தில் ஓர் ஆட்டம் நன்றாக ஆடினேன். என் கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணியும் எட்டும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த நான்கு சீட்டுகளில் இரண்டு ஆட்டின். இன்னொன்று வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும். நடுவே 80 டாலர் இருந்தது. எதிராளி தன்னிடம் மீதமிருந்த 120 டாலரையும் வைத்தார். துணிந்து நானும் வைத்தேன். கடைசிச் சீட்டு ஆட்டின், வென்றேன்! அன்று இரவு ஏஸ் ஜோடி வந்தது. மேசையில் சீட்டு விரியும் முன்பே மொத்தப் பணத்தையும் வைத்தேன். எதிராளியிடம் ராஜா ஜோடி. நான்காவது சீட்டாக இன்னொரு ராஜா வந்து எல்லாம் போயிற்று. பிறகு இன்னொரு 300 வாங்கினேன், நாற்பது நிமிடத்தில் அதுவும் தீர்ந்தது. ஏஸ் ஜோடியை நான் அவசரப்பட்டு ஆடிவிட்டேனா? உண்மையில் கற்றுக்கொள்கிறேனா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் தவறு என்று எழுதியிருப்பது சரியான ஆட்டம். நன்றாக ஆடினேன் என்று எழுதியிருப்பது தவறு. உண்மையான பெருந்தவறுக்கு ஒரே ஒரு வரி கொடுத்துவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்.

முதலில் ஏஸ் ஜோடி. சராசரியாக 221 முறை சீட்டு வாங்கினால் ஒருமுறை வருவது அது. ராஜா ஜோடியோடு மோதினால் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெல்லும். எதிராளி தன் முழுப் பணத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார், உங்களிடம் அதைவிடச் சிறந்த சீட்டு இருக்கிறது. இதற்குமேல் போக்கரில் கேட்க ஒன்றுமில்லை. மீதி 18-இல் ஒன்று அன்று வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஏஸ் ஜோடி வரும்போது கை நடுங்கும், பதுங்கி ஆடுவீர்கள். நடக்காத தவறைத் திருத்தப்போய்ப் புதிய தவறைப் பழகிக்கொள்வீர்கள்.

இனி ஆட்டின் ராணியும் எட்டும். உங்கள் இரண்டும் மேசையின் நான்கும் போக, நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46. அவற்றில் ஆட்டின் ஒன்பது. அதே நிலைமையில் 46 முறை உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டும் ஒருமுறை வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்பது முறை தலா 200 டாலர் வெல்வீர்கள், மொத்தம் 1,800. முப்பத்தேழு முறை தலா 120 டாலர் இழப்பீர்கள், மொத்தம் 4,440. கழித்துப் பார்த்தால் 2,640 டாலர் நஷ்டம், அதாவது முறைக்கு 57 டாலர். அன்று மாலை உங்கள் பக்கம் வந்த சிப்புகளை (பணத்துக்கு ஈடான வில்லைகளை) அடுக்கும்போது இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எதிராளி 120-க்குப் பதில் 20 டாலர் மட்டும் வைத்திருந்தால், 20 கொடுத்து 100-க்கு ஆடுவது சரி. சீட்டு அதே சீட்டுதான். விலைதான் வேறு. துணிவுக்கு இங்கே வேலையே இல்லை, எம்.

இந்த விளையாட்டைக் கற்பது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். அடுப்பில் கை வைத்தால் சுடும், உடனே பாடம் கிடைத்துவிடும். போக்கரில் அடுப்பு சில நாள் குளிர்கிறது, தண்ணீர் சில நாள் சுடுகிறது. கேசினோ மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். உங்கள் ஐந்து பயணங்களில் நூறு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்கூட மூவாயிரம் ஆட்டம்தான், ஏஸ் ஜோடி பதின்மூன்று முறை வந்தால் உண்டு. முடிவைப் பார்த்து உங்களை நீங்களே எடைபோட அது போதவே போதாது.

நடுவில் சேரும் பணத்திலிருந்து டீலர் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சிப்புகளை எடுத்து மேசையிலுள்ள துளையில் தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் கேசினோவின் பங்கு, ரேக். ஆட்டத்துக்கு நான்கு டாலர் என்று வைத்தாலே மணிக்கு 120 டாலர் அந்தத் துளைக்குள் போகிறது. மேசையில் இருக்கும் ஒன்பது பேரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்றால் ஒன்பது பேரும் மெல்ல மெல்லத் தோற்பார்கள். சுமாராக ஆடுவது என்பது அங்கே தோற்பதற்கு இன்னொரு பெயர்.

இப்போது அந்த நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன். வேலை காரணமாக நான் அடிக்கடி வேகஸ் போய்வந்த காலத்தில் எனக்கும் அப்படி ஓர் இரவு வாய்த்தது. என் மூன்று ஏழுகளை ஒருவரின் மூன்று ஒன்பதுகள் விழுங்கின. நீலத் தொப்பி அணிந்தவர். உடனே இன்னொரு 300 வாங்கினேன். அதிகாலை மூன்று மணிக்கு, ஜாக்கியும் நான்கும் கையில் வைத்துக்கொண்டு அவர் உயர்த்திய பந்தயத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் என்றால் தொடாமல் தள்ளிவிடும் சீட்டு அது. எனக்கு அப்போது பணம்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் பணம் வேண்டியிருந்தது. அவர் சிவப்புச் சிப்புகளை அடுக்கும் ஓசை மட்டுமே காதில் விழுந்தது. ஆடுபவர்கள் இதை டில்ட் என்பார்கள். அறிவு இருந்தும் கைக்கு எட்டாமல் போகும் நிலை.

சீட்டறிவு இதற்குக் காப்பு ஆகாது. போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றவர் ஸ்டூ உங்கர். சீட்டில் அவரைப் போன்ற மூளை அபூர்வம். போதையும் மற்ற பந்தயங்களும் அவர் வென்றதையெல்லாம் தின்றன. 1998 நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 45.

அடுத்த பயணம் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த 2,100 டாலரில் வீட்டு வாடகையோ பிள்ளைகளின் பணமோ ஒரு டாலர் இருந்தால்கூடப் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் பொழுதுபோக்குக்கென ஒதுக்கிய பணம் என்றால், 300 டாலர் மட்டும் எடுத்துச் செல்லுங்கள், வங்கி அட்டையை ஹோட்டல் அறையில் பூட்டிவிட்டு இறங்குங்கள்.

நோட்டு எழுதுவதை விடவேண்டாம், எழுதும் முறையை மாற்றுங்கள். வென்றதையும் எழுதுங்கள். பணம் வைத்த கணத்தில் என்ன நினைத்தீர்கள், எவ்வளவு கொடுத்து எவ்வளவுக்கு ஆடினீர்கள் என்பதோடு நிறுத்திவிடுங்கள். முடிவை எழுதினால் படிப்பவரின் தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், உங்களுடையதும்தான்.

அந்த நாற்பது நிமிடத்தில் நினைவிலிருக்கும் ஆட்டங்களை எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். கடைசிச் சீட்டு என்ன வந்தது என்பதை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.