எந்த அந்தியோகியா?

வணக்கம். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில், 11-ஆம் அதிகாரத்தில் பவுல் அந்தியோகியாவில் இருக்கிறார். 13-இல் அங்கிருந்து கிளம்பிக் கப்பலேறி மறுபடி அந்தியோகியாவுக்கே வந்து சேர்கிறார், வரைபடத்தில் எப்படிக் கோடு போடுவது என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, அவை இரண்டு வேறு ஊர்கள். அலெக்சாந்தருக்குப் பின் இந்தப் பகுதியை ஆண்ட செலூக்கிய அரசர்கள் ஒரே பெயரைப் பல ஊர்களுக்கு வைத்துவிட்டுப் போனதன் வினை இது.

முதலாவது சிரியாவின் அந்தியோகியா, இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. ரோமப் பேரரசின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. இயேசுவை நம்பியதற்காக ஸ்தேவான் கொல்லப்பட்ட பின் எருசலேமிலிருந்து சிதறிய விசுவாசிகள் இங்கே வந்தார்கள். மற்றவர்கள் யூதர்களிடம் மட்டும் இயேசுவைப் பற்றிச் சொல்ல, அவர்களில் சீப்புரு (சைப்ரஸ்), சிரேனே (வட ஆப்பிரிக்கா) ஊர்க்காரர்கள் சிலர் கிரேக்கர்களிடமும் பேசத் துணிந்தார்கள். அவர்களுடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் பெரிய திருப்பமே அதுதான். பவுலின் தோழர் பர்னபா தர்சு நகரத்துக்குப் போய்ச் சவுலை (பவுலின் இன்னொரு பெயர்) அழைத்துவந்ததும், ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் பிறந்ததும் இங்கேதான்.

இரண்டாவது பிசீதியா அந்தியோகியா. உள்நாட்டு மேட்டுநிலம், இன்றைய யால்வாச் ஊருக்குப் பக்கத்தில். ஆகவே கோடு இப்படி: சிரியாவின் அந்தியோகியாவுக்குப் பக்கத்திலுள்ள செலூக்கியா துறைமுகம், சீப்புரு தீவு, இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள பெர்கே, அப்புறம் வடக்கே ஏறிப் பிசீதியா. 13:14-இல் ‘பிசீதியா’ என்ற சொல் இருக்கிறது பாருங்கள், அதைத்தான் தவறவிட்டிருக்கிறீர்கள்.