12 வருட வார்டு அனுபவத்தோடு, ஆன்லைன் முதுநிலைப் படிப்பு என்னை நர்சிங் ஆசிரியராக்குமா?

நீங்கள் கேட்டது: 12 வருடமாக வார்டில் இருக்கிறீர்கள், மாணவர்களுக்குச் சொல்லித்தர ஆசை, வேலையை விட முடியாது. ஆன்லைனில் நர்சிங் கல்வியில் முதுநிலை படித்தால் பாடம் நடத்த வருமா, வெறும் பட்டம்தான் மிஞ்சுமா?

வரும். நான் அந்த வழியாகத்தான் வந்தேன். 14 வருட வார்டு வேலையில் கடைசி இரண்டு வருடம் நைட் டியூட்டி முடிந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படித்தேன். இப்போது வகுப்பும் எடுக்கிறேன், மாணவர்களை வார்டுக்கும் கூட்டிப்போகிறேன்.

வேலை நன்றாகத் தெரிந்தால் சொல்லித்தரவும் தானாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. பத்து நிமிடப் பாடம் ஒன்றை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் வைக்கும் மெல்லிய குழாய்) போட வெயின், அதாவது சிரை, தேர்ந்தெடுப்பது எப்படி என்று, உடன் வேலை செய்யும் ஒருவரின் கையில் டூர்னிக்கெட் பட்டை கட்டிக் காட்டினேன். ஆயிரக்கணக்கில் போட்ட கை, பயமே இல்லை. வீடியோவைப் பார்த்த சக மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்றாவது நிமிடத்தில் மணிக்கட்டுப் பக்கம் நன்றாகத் தெரிந்த வெயினை விட்டுவிட்டு மேலே போய்விட்டீர்களே, ஏன்?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். விரல் அந்த வெயினைத் தடவுகிறது, ஒரு நொடி நிற்கிறது, நகர்ந்துவிடுகிறது. வாய் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. மூட்டுக்குப் பக்கத்தில் போட்டால் கை மடங்கும்போது கேனுலாவும் மடங்கும். அதோடு அங்கே வெயினுக்குள் இருக்கும் வால்வின் சின்ன முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. இரண்டு காரணமும் எனக்குத் தெரியும், இரண்டையும் சொல்லவில்லை. மாணவருக்கு வேண்டியதே அந்த ஒரு நொடிதான்.

அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஐந்தாம் படியில் இருப்பவர் நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறார், நடுவில் உள்ள யோசனை வெளியே தெரிவதில்லை. நாம் ஐந்தாம் படியில் நின்றுகொண்டு முதல் படியில் இருப்பவரிடம் பேசுகிறோம். ஆசிரியப் பயிற்சியின் பெரும்பகுதி, அந்த மறைந்துபோன யோசனையைத் தோண்டி எடுத்துச் சொல்லப் பழகுவதுதான். நேரடி வகுப்பில் என் பாடம் அன்றோடு காற்றில் போயிருக்கும். வீடியோவாக இருந்ததால் அந்த நொடியில் நிறுத்திப் பார்க்க முடிந்தது.

வேலையில் இருந்துகொண்டே படிப்பதில் இன்னொரு லாபம், படித்ததை அன்று ராத்திரியே வார்டில் செய்து பார்க்கலாம். 1992-இல் குடும்ப மருத்துவத் துறையிலிருந்து வந்த 'ஒரு நிமிடப் போதனை' முறையைப் படித்த வாரம், ஆபரேஷன் முடிந்து வந்த நோயாளியைப் பார்த்துவிட்டு மாணவி ஓடி வந்தார்: "சிஸ்டர், பி.பி. குறைஞ்சிருக்கு." வழக்கமாக "டாக்டரைக் கூப்பிடு" என்பதோடு முடித்திருப்பேன். அன்று படுக்கையை நோக்கி நடந்துகொண்டே, "என்னன்னு நினைக்கிற?" என்றேன். "ப்ளீடிங்கா இருக்குமோ?" "எதை வெச்சு சொல்ற?" "டிரெயின் பாட்டில் சீக்கிரம் நிறையுது. பல்ஸும் 120." ஆபரேஷன் காயத்திலிருந்து வடிவது சேரும் பாட்டில் அது. சரியாகப் பார்த்திருக்கிறாய் என்றேன். பல்ஸ்தான் முதலில் ஏறும், பி.பி. பிறகுதான் இறங்கும், ஏறும்போதே கூப்பிட்டுவிட வேண்டும் என்று திருத்தினேன். அதற்குள் டாக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. பதிலை அவரையே சொல்லவைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொதுவிதி தருவது, சரியானதைப் பாராட்டுவது, தவறைத் திருத்துவது, அவ்வளவுதான் முறை.

நான் மிகவும் அலட்சியமாக நினைத்த பாடம், கேள்வித்தாள் தயாரிப்பது. மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேரையும் கீழே உள்ள 27 சதவீதம் பேரையும் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று ஒப்பிட வேண்டும். 40 பேர் எழுதிய என் தேர்வில் ஒரு கேள்விக்கு மேலே உள்ள 11 பேரில் 4 பேர்தான் சரி, கீழே உள்ள 11 பேரில் 7 பேர் சரி. நாலிலிருந்து ஏழைக் கழித்து 11-ஆல் வகுத்தால் வரும் குறியீடு மைனஸ் 0.27. நன்றாகப் படித்தவர்களைத்தான் அந்தக் கேள்வி விழத்தட்டியிருக்கிறது. பார்த்தால், இரண்டு விடைகள் சரியாக இருக்கும்படி எழுதியிருக்கிறேன். ஆழமாக யோசித்தவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டியிருப்பேன். ஒருவருடைய தேர்ச்சியை முடிவு செய்யும் கையில் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. விவாதப் பக்கத்தில் வாரத்துக்கு இத்தனை பதிவு என்று கட்டாயம் இருந்தால், பாதிப் பேர் "நல்ல கருத்து, நானும் ஏற்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆசிரியர் உள்ளே வந்து எதிர்க்கேள்வி கேட்டால் மட்டுமே அதற்கு உயிர் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நேரடிப் போதனைப் பயிற்சி. அது இல்லாத படிப்பில் சேராதீர்கள். இருந்தாலும், பயிற்சி இடத்தையும் வழிகாட்டியையும் யார் ஏற்பாடு செய்வார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். என்னிடம், நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் அலைந்தேன். சொந்த வார்டிலேயே முடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கே நீங்கள் ஸ்டாஃப் தான். ஆள் குறைந்தால் மாணவர்களை விட்டுவிட்டு மருந்து டிராலியைத் தள்ளச் சொல்வார்கள்.

நர்ஸ் ஆசிரியருக்கு வேண்டிய திறன்களை எட்டுப் பிரிவுகளாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்டிருக்கிறது. படிப்பின் பாடத்திட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடத்திட்டம் அமைப்பது, மதிப்பீடு, பெரியவர்கள் கற்கும் முறை, இந்த மூன்றும் தனித்தனித் தாள்களாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைன் பட்டத்தை ஆசிரியப் பணிக்கு ஏற்பார்களா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பணம் கட்டும் முன் உங்கள் நர்சிங் கவுன்சிலிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த டியூட்டியில் ஒரு டிரெஸ்ஸிங் மாற்றும்போது, பக்கத்தில் நிற்கும் மாணவரிடம் கை செய்வதையெல்லாம் காரணத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் வாய் நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடியோவுக்கு அந்தக் குறிப்பு உதவும்.