அக்கா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அக்காவுக்குக் கல்யாணமாகி 27 வருடம் ஆகிறது. மாமா இப்போது பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்கிறார். மூன்று லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறார். மாந்தோப்பு, வீடு, டிராக்டர் எல்லாம் அவர் பேரில்தான். போர்வெல் போட அக்காவின் நகையை அடகு வைத்தார்கள், திருப்பவில்லை. அக்கா வேலைக்குப் போனதில்லை, மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மாதான் இருந்தார். அவரால் வேறு என்ன கேட்க முடியும்?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: விடிவதற்குள் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, மாங்காய் சீசனில் தோப்பு ஆட்களுக்கெல்லாம் சேர்த்து உலை வைத்த ஒருவரைக் கூடப்பிறந்த தம்பியே "சும்மா இருந்தார்" என்று எழுதினால், அந்த மாமா மூன்று லட்சத்தோடு முடிக்கப் பார்க்க மாட்டாரா? 2023 ஜூலையில் பக்கத்து மாவட்டத்துத் தொப்பூரில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமைத் தொடங்கினார்கள். பேரிலேயே 'உரிமை' என்று இருக்கிறது, கவனியுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். விவாகரத்து ஆனால் கணவர் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது, அதனால் யாராவது "பாதி தானாக வந்துவிடும்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் இங்கே குடும்பத்தை நடத்திய மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது, வீட்டு வேலையும் அந்தச் சொத்து சேர்வதற்கான உழைப்புத்தான் என்று ஏற்றுக்கொண்டு. விவாகரத்து வழக்கு இல்லைதான், இருந்தாலும் தோப்பு விஷயத்தில் அக்காவின் வக்கீல் தாராளமாக எடுத்துப் பேசலாம்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. இன்றைக்கு மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் உயில் எதுவும் எழுதாதபட்சத்தில், பிள்ளைகளோடு சேர்த்து அக்காவும் முதல் நிலை வாரிசு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அவர் வாரிசே இல்லை. மூன்று லட்சத்துக்கு அக்கா எழுதிக் கொடுக்கப்போவது இதையும் சேர்த்துத்தான், இதை அவரிடம் யாராவது சொன்னீர்களா?

இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், மொத்தமாகவோ மாதாமாதமோ. தேவைப்பட்டால் அதற்கு ஈடாக மாமாவின் நிலத்தையே நீதிமன்றம் பிணையாகக் கட்டி வைக்க முடியும், அப்புறம் "கையில் காசில்லை" என்று கைவிரிப்பது கஷ்டம். ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோப்புக் குத்தகைப் பணம் எவ்வளவு வருகிறது என்பதை மாமா அங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நகை அக்காவுடையது. சீதனம் என்பது மனைவியின் முழுச் சொத்து, அவசரத்துக்கு வாங்கிக்கொண்டாலும் திருப்பித் தர வேண்டியது கணவரின் கடமை. அடகு ரசீது, கல்யாண போட்டோ, பால் சொசைட்டி பாஸ்புக், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் தோப்புக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பேச்சுவார்த்தை நடக்கும்போதே தம்பி பேருக்கும் அண்ணன் பேருக்கும் நிலத்தை எழுதி வைப்பவர்கள் உண்டு.

கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டதென்றாலும் பதற வேண்டாம். பரஸ்பர சம்மத வழக்கில் இறுதித் தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாம்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பாவின் நிலத்தில் அக்காவின் பங்கு என்ன ஆனது? பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினீர்களா, இல்லை இன்னும் பாகமே பிரியவில்லையா? 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பாகம் பிரியவில்லை என்றால் அதையும் அக்காவிடம் இந்த வாரமே பேசுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அக்காவை அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது அந்த அடகு ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.