பிப்ரவரி 28 யாருடைய பிறந்தநாள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி அருகே ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அறிவியல் தின விழாவில் பேசிய ஒரு மாணவி, பிப்ரவரி 28 சர் சி.வி.ராமனின் பிறந்தநாள் என்றாள். நவம்பர் 7 என்று திருத்தினேன். பிறகு பேசிய சிறப்பு விருந்தினர், கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். இவற்றில் எதைத்தான் நம்புவது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் திருத்தியது சரி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். பிப்ரவரி 28 என்பது 1928இல் கல்கத்தாவில் அவர் ராமன் விளைவை, அதாவது ஒரு பொருளுக்குள் சிதறும் ஒளியில் புது நிறமும் தோன்றுவதை, கண்ட நாள் என்று கொள்ளப்பட்டு, 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அவரும் கே.எஸ்.கிருஷ்ணனும் நேச்சர் இதழுக்கு எழுதிய குறிப்பில் உள்ள தேதியோ பிப்ரவரி 16; அது அச்சானது மார்ச் 31. அதில் அவர்கள் சொன்ன சோதனை இது: குவித்த சூரிய ஒளியின் வழியில் ஊதாநீல வடிகட்டியையும் மஞ்சள்பச்சை வடிகட்டியையும் சேர்த்து வைத்தால் திரவத்துக்குள் தெரியும் ஒளித்தடம் அடியோடு மறைந்துவிடுகிறது. இரண்டாவதை மட்டும் எடுத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் வைத்தால் தடம் மறுபடி தெரிகிறது. ஆகவே வந்த ஒளியில் இல்லாத ஒரு நிறம் திரவத்துக்குள்தான் பிறந்திருக்கிறது என்று அந்தக் குறிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்நிறம், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் தனியே பிரிந்து தெரிந்ததுதான் 28ஆம் தேதியின் சிறப்பு.

என் தகப்பனார் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவர் என்பார் பாட்டி. பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டாராம். பணி ஓய்வு வரை எல்லாம் அந்தத் தேதிப்படியே நடந்தது. வீட்டில் பாயசம் மட்டும் ஆடி 19 அன்று. பிப்ரவரி 28ஐயும் நான் அந்த ஜூன் 1 போலத்தான் பார்க்கிறேன். பதிவேட்டுக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது, வைத்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நியூட்டன் கதை அப்படிப்பட்டதல்ல. கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று இறந்தார் என்பது இத்தாலியில் வழங்கிய கிரிகோரியன் கணக்கு. நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் என்பது இங்கிலாந்து 1752 வரை விடாமல் வைத்திருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. அன்று இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். இத்தாலியக் கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இங்கிலாந்துக் கணக்கில் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்த ஒரு நாட்காட்டியை எடுத்தாலும் இரண்டும் ஒரே ஆண்டில் விழாது. ஒருவருக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தையும் மற்றவருக்குத் திருக்கணிதத்தையும் பார்த்துப் பொருத்தம் எழுதியதைப் போன்றது இது. மறுபிறவி என்று நினைத்துக்கொள்வதில் நமக்கொரு மயக்கம் உண்டு, கைதட்டல் அதற்குத்தான்.

விருந்தினர் அடுத்த ஆண்டும் வருவாரானால், மேரி க்யூரி பிறந்ததும் நவம்பர் 7, 1867இல், என்று அவரிடம் சொல்லி வையுங்கள். அது ஒரே நாட்காட்டிப்படி பார்த்த பொருத்தம்.